குடுவையைக் கண்டவர் ஒருவர், காசாக்கியவர் வேறொருவர்

வைத்தியசாலை வாயிலிலும் தூரப் பயணப் பேருந்திலும் தேநீர்ப் பிளாஸ்க்கைக் கையில் ஏந்தியோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். காலையில் ஊற்றிய தேநீர் மதியம் கடந்தும் சூடாறாது இருக்கிறது. அதே குடுவையில் பனிக்கட்டியை இட்டால் அதுவும் எளிதில் கரைவதில்லை. இவ்வளவு நெருக்கமாக நம்முடன் வாழும் இப்பொருள், தேநீரையோ கோப்பியையோ எண்ணி உருவாக்கப்பட்டதன்று என்பது பலர் அறியாத செய்தி.

இதன் கர்த்தா ஜேம்ஸ் டியூவர். 1842ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கின்கார்டின் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பத்து வயதளவில் உறைந்த நீர்நிலை ஒன்றின் பனிப்படலம் உடைந்து உள்ளே வீழ்ந்தார். அதனால் நீண்டகாலம் நோயுற்றிருந்த அவர், அந்நாட்களில் வயலின் செய்யக் கற்றார். பரிசோதனைச் சாலையிற் பின்னர் அவருக்குக் கைகொடுத்த விரல் நுட்பம் அங்கிருந்து வந்ததே என்பர். 1877 முதல் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் இரசாயனப் பேராசிரியராக இருந்த அவரை ஆட்கொண்டிருந்தது குளிர். வாயுக்களைத் திரவமாக்கும் அளவுக்கான கடுங்குளிர்.

திரவ ஒட்சிசன் சுழியத்திற்குக் கீழே 183 பாகை செல்சியஸில் கொதிக்கும். சாதாரண பாத்திரத்தில் ஊற்றினால், அறையின் வெப்பமே அதற்கு அடுப்பாகிவிடும். அரும்பாடுபட்டு ஆக்கிய திரவம் கண்முன்னே ஆவியாகிப் போவதைத் தடுக்கவே, 1892இல் டியூவர் ஒன்றினுள் ஒன்றாக இரு கண்ணாடிச் சுவர்கள் கொண்ட குடுவையை அமைத்து, இடையிலிருந்த காற்றை அகற்றினார்.

வெப்பம் மூன்று வழிகளிற் பயணிக்கிறது. பொருளின் ஊடாகச் செல்வது கடத்தல். காற்றோ நீரோ அசைந்து சுமந்து செல்வது மேற்காவுகை. ஊடகம் ஏதுமின்றி ஒளியைப் போலப் பரவுவது கதிர்வீசல். காற்றில்லாத வெற்றிடம் முதலிரண்டு வழிகளையும் ஏறத்தாழ அடைத்துவிடுகிறது. மூன்றாவதைத் தடுக்கவே சுவர்களுக்கு வெள்ளிப்பூச்சு. கண்ணாடி முகத்தை மீட்டுக் காட்டுவதுபோல அது வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சுவது, இரு சுவர்களும் கூடும் கழுத்தும் மூடியும்தான். சூடு மெல்ல ஆறுவது பெரிதும் அவ்வழியாலேயே. குடுவைக்குச் சூடும் குளிரும் ஒன்றே. வெப்பம் வெளியேறவும் அது விடாது, உட்புகவும் விடாது.

இத்தகைய குடுவைகளின் துணையோடு டியூவர் 1898இல் ஐதரசனைத் திரவமாக்கினார். ஆனால் குடுவைக்கு அவர் ஆக்கவுரிமை பெறவில்லை. ஆக்கவுரிமையின் அருமை அறியாதவர் அல்லர் அவர். 1889இல் பிரெடெரிக் ஏபல் என்பாருடன் இணைந்து கோர்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கி அதற்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார். அது தம்முடைய கண்டுபிடிப்பைத் தழுவியது என்று அல்பிரட் நோபல் தரப்பினர் தொடுத்த வழக்கு, 1895இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை வரை சென்று தோற்றது. இவ்வளவும் கண்ட ஒருவர் தம் குடுவையைக் காவலின்றி விட்டதுதான் வியப்பு.

பேர்லினில் ரைன்ஹோல்ட் பேர்கர் என்ற கண்ணாடிக் கலைஞர் இருந்தார். ஆய்வுக்கூடக் கண்ணாடிப் பாத்திரங்கள் செய்வது அவர் தொழில். இக்குடுவை வீட்டுக்கும் உதவும் என்பதைக் கண்டுகொண்ட அவர், எளிதில் உடையும் கண்ணாடியை உலோக உறைக்குள் பொருத்தி 1903இல் ஜேர்மனியில் ஆக்கவுரிமை பெற்றார். அடுத்த ஆண்டு, வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'தேர்மோஸ்' என்ற வணிகப் பெயர் பிறந்தது. டியூவர் வழக்காடினார், வெற்றி பெறவில்லை. 1908இல் லெய்டன் நகரில் கமர்லிங் ஒன்னெஸ், டியூவர் வகைக் குடுவைகளைக் கொண்டே, டியூவர் அடைய முயன்று முடியாத திரவ ஈலியத்தை அடைந்தார். 1913இல் நோபல் பரிசும் பெற்றார். டியூவருக்கு அப்பரிசு இறுதிவரை கிட்டவில்லை. 1923இல் அவர் மறைந்தார்.

பேர்கரைத் திருடன் என்று எழுத என் பேனா மறுக்கிறது. டியூவரின் கண்ணில் அது ஆய்வுக் கருவி; பேர்கரின் கண்ணில் தொழிலாளியின் மதியத் தேநீர். இரண்டும் பார்வைகளே. ஆனால் முதலாமவர் பெயரை வீட்டுப் பாவனையாளர் எவரும் அறியாது போனதை நியாயம் என்றும் என்னால் எழுத முடியவில்லை. சட்டம் பதிவேட்டைப் பார்த்துத் தீர்ப்பளிக்கலாம். சரித்திரம் எழுதுவோர் அதற்கு அப்பாலும் பார்க்கவேண்டும்.

காலம் வணிகரையும் விட்டுவைக்கவில்லை. தேர்மோஸ் என்ற சொல் மக்கள் வாயில் எந்நிறுவனத்தின் குடுவைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதனால் 1963இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், போட்டி நிறுவனமான அலாடினும் சில நிபந்தனைகளுடன் அச்சொல்லை ஆளலாம் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. டியூவர் பொருளை இழந்தார். அதை விற்றவர்கள் பெயரின் தனியுரிமையை இழந்தார்கள்.

1978இல் ஜப்பானின் நிப்பொன் சான்சோ நிறுவனம் துருப்பிடிக்காத உருக்கில் இலகுவான குடுவையைக் கொணர்ந்தபின் கண்ணாடியின் ஆட்சி தளர்ந்தது. தத்துவம் மட்டும் மாறவில்லை. கொரோனாப் பெருந்தொற்றில் மூச்சுக்குப் போராடியோருக்கு ஒட்சிசன் வழங்கிய பெரும் வைத்தியசாலைக் கொள்கலன்களும், இரு சுவர்களும் நடுவே வெற்றிடமும் கொண்டவையே. திரவ ஒட்சிசனைக் காக்கவென்று டியூவர் செய்த குடுவை, நூற்றாண்டு கடந்து அதே பணியில் உயிர் காத்தது. கடையில் அதன் பெயர் எதுவாயினும், உலகின் ஆய்வுக்கூடங்களில் அதை இன்றும் 'டியூவர்' என்றே அழைக்கிறார்கள்.