ஆறு வேலைகள், ஒரு முகம்: ஜாக் பிளாண்டும் கோல்கீப்பர் தொழிலும்

ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரின் முகக்கவசம் வந்த வரலாற்றை இரண்டு விதமாகச் சொல்வது வழக்கம். கண்ணாடியிழை என்ற புதுப்பொருள் கைக்கு வந்ததும் கவசமும் வந்துவிட்டது என்பது ஒன்று. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் ஜாக் பிளாண்ட், பயிற்சியாளரை எதிர்த்து நின்று அதைச் சாதித்தார் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைத் தொடாமல் விடுகின்றன. முகத்தை மறைத்துக்கொண்டு ஆடும் எண்ணம் 1920களிலேயே இருந்திருக்கிறது. தொழில்முறை ஆட்டத்தில் அது நிலைக்க ஏன் 1959 வரை ஆயிற்று? இதற்கான விடை கவசத்தின் பொருளிலோ அணிந்தவரின் துணிச்சலிலோ மட்டும் இல்லை; கோல்கீப்பர் என்ற வேலை எப்படி அமைந்திருந்தது என்பதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பிளாண்டின் வாழ்வைச் சாதனைப் பட்டியலாகப் படிக்காமல் ஒரு தொழிலாளியின் பணிவரலாறாகப் படித்தால் இது தெளிவாகும்.

முதலில் அந்த வேலையைப் பார்ப்போம். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட கோலின் முன் ஒருவர் நிற்கிறார். அவரை நோக்கி வருவது கெட்டி ரப்பர் வட்டு: மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன், 156 முதல் 170 கிராம் வரை எடை. துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறையவைப்பார்கள். பனிக்கட்டித் தரையில் குனிந்து, எதிரே நிற்கும் கால்களுக்கு இடையே வட்டைத் தேடும்போது கோல்கீப்பரின் முகம் மட்டையின் வீச்சுக்குள்ளேயே இருக்கும். 1950களில் மட்டையைப் பின்னுக்கு ஓங்கி அறையும் ஸ்லாப் ஷாட் பரவியது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான பெர்னி ஜெஃப்ரியான் பிளாண்டின் சொந்த அணிக்காரர். எதிரணியிடம் வாங்க வேண்டிய அடியைப் பயிற்சியிலேயே வாங்க வேண்டியிருந்தது. பிளாண்டின் கன்ன எலும்புகள் இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளில் உடைந்தன. இரண்டையும் உடைத்தவை தம் அணியினர் பயிற்சியில் அடித்த வட்டுகள்தாம்.

இனி வேலைச் சந்தை. 1942 முதல் 1967 வரை தேசிய ஹாக்கி லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்கு ஒரே ஒரு கோல்கீப்பரை அழைத்து வந்தது. உலகின் மிக உயர்ந்த தரத்திலான அந்தத் தொழிலில் நிரந்தர வேலைகள் ஆறுதான். கீழ்நிலை லீக்குகளில் காத்திருந்தவர்களோ ஏராளம். வீரரின் உரிமை அணியிடமே இருந்ததால் விருப்பம்போல வேறிடம் போகவும் முடியாது. 1957இல் டெட் லிண்ட்சே, டக் ஹார்வி போன்றோர் வீரர் சங்கம் அமைக்க முயன்றபோது முதலாளிகள் அதை முறித்தார்கள். டெட்ராய்ட் அணி லிண்ட்சேயைச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டது. கூடவே போனவர் கோல்கீப்பர் கிளென் ஹால். அந்த ஹால்தான் 1955 முதல் 1962 வரை ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் தொடர்ந்து 502 ஆட்டங்கள் ஆடியவர், அதுவும் முகக்கவசம் இல்லாமல். ஆட்டத்துக்கு முன் அவர் வாந்தி எடுப்பது ஊரறிந்த செய்தி. இந்த எண்ணை மன உறுதிக்குச் சான்றாகவே இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒருநாள் ஓய்வெடுத்தால் அந்த இடத்தில் இன்னொருவர் நின்று நன்றாக ஆடிவிடுவாரோ என்ற அச்சமும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

முகக்கவசம் எங்கெல்லாம் எளிதாக ஏற்கப்பட்டது என்று பார்த்தால் இந்த வாசிப்பு வலுப்பெறும். 1927இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் எலிசபெத் கிரஹாம் வாள்வீச்சுக்காரர்களின் கம்பிவலைக் கவசத்தை அணிந்து கோல் காத்தார். 1936 ஒலிம்பிக்கில் ஜப்பானின் தெய்ஜி ஹொன்மா கவசத்தோடு களமிறங்கினார். ஒருவர் மாணவி, மற்றவர் ஒலிம்பிக் அமெச்சூர். மறுநாள் வேலை போய்விடும் என்ற கவலை இருவருக்கும் இல்லை. இடைப்பட்ட 1930இல் தொழில்முறை ஆட்டக்காரரான மாண்ட்ரியல் மரூன்ஸின் கிளின்ட் பெனடிக்ட், ஹோவி மொரென்ஸ் அடித்த வட்டால் மூக்கும் கன்னமும் சிதைந்தபின் தோல் கவசம் ஒன்றை அணிந்து வந்தார். அது பார்வையை மறைத்தது. சில ஆட்டங்களிலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்; அந்தப் பருவத்தோடு லீக்கிலிருந்தும் வெளியேறினார். கவசம் சரியில்லை என்பது உண்மைதான். ஆனால் சரியில்லாத ஒரு கருவியைச் சரிசெய்து பார்க்கும் அவகாசம் அந்த வேலையில் இருக்கவில்லை. செப்பனிடும் காலத்தில் விழும் கோல்களுக்கு யார் பொறுப்பு?

பிளாண்ட் 1929இல் கியூபெக் மாநிலத்தில் பிறந்து ஷாவினிகனில் வளர்ந்தவர். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். ஆஸ்துமா இருந்ததால் நெடுநேரம் சறுக்கி ஓட முடியாது. அதனால் கோலில் நின்றார். வசதி இல்லாத வீடு. அம்மாவிடம் பின்னல் கற்று, தம் கம்பளித் தொப்பிகளைத் தாமே பின்னிக்கொண்டார். சிறுவயதில் அவர் ஆடிய தொழிற்சாலை அணியில் மற்றவர்கள் அந்த ஆலையின் ஊழியர்கள், சம்பளம் வாங்குபவர்கள். நீயும் கூலி கேள் என்றார் அப்பா. ஆட்டத்துக்கு 50 சென்ட் கிடைத்தது. அவரது பணிவரலாற்றை இங்கிருந்து தொடங்குவதே சரி. கோல் காப்பது கூலிக்குரிய உழைப்பு, கேட்டால் கூலி தருவார்கள் என்ற பாடத்தை அவர் மிக இளமையிலேயே கற்றுவிட்டார்.

1952இல் கனேடியன்ஸில் முதன்முதலாக ஆட வந்தபோது அந்தத் தொப்பிகளே தகராறாயின. ஆட்டக்காரர் எவரும் தனித்துத் தெரியக்கூடாது என்பது பயிற்சியாளர் டிக் இர்வினின் கொள்கை. தொப்பிகள் காணாமற்போயின, பிளாண்ட் வெறுந்தலையோடு ஆடினார். அப்போது அவருக்குப் பேரம் பேசும் வலு ஏதுமில்லை. ஏழாண்டு கழித்துத் தலையில் இன்னொன்றை அணிய வேண்டுமென்று அவர் கேட்டபோது கிடைத்த முடிவு ஏன் வேறாக இருந்தது என்பதே கவனிக்க வேண்டியது.

அந்த ஏழாண்டுகளில் கோல்கீப்பரின் வேலையையே அவர் மாற்றியிருந்தார். கோலை விட்டு வெளியே வந்து, கோலுக்குப் பின்னால் ஓடும் வட்டை நிறுத்தித் தம் தடுப்பாட்டக்காரருக்குத் தள்ளிவிடுவதை வழக்கமாக்கியவர் அவர். 1956 முதல் 1960 வரை கனேடியன்ஸ் தொடர்ந்து ஐந்து ஸ்டான்லி கோப்பைகளை வென்றது. அதே ஐந்தாண்டும் மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணியின் கோல்கீப்பருக்கு உரிய வெசினா விருது அவருக்கே கிடைத்தது. 1958 இறுதிப் போட்டியில் பாஸ்டனுக்கு எதிராக வட்டு நெற்றியில் பட்டு ஆட்டம் முக்கால் மணி நேரம் நின்றது. அதைப் பார்த்த பில் பர்ச்மோர் என்ற கண்ணாடியிழை நிறுவன ஊழியர், முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் கவசம் ஒன்றைச் செய்து தர முன்வந்தார். பிளாண்டின் முகத்தில் மாவுக்கட்டால் அச்செடுத்து அது உருவானது. பயிற்சியில் அதை அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் தடை சொல்லவில்லை. ஆட்டத்தில் மட்டும் கூடாது என்றார். காலடியில் கிடக்கும் வட்டு தெரியாது என்பது அவர் காட்டிய காரணம். பயம் போனால் கவனமும் போய்விடும் என்ற நினைப்பும் அதற்குள் இருந்தது. முதல் காரணத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அந்தக் காலத்துக் கண்துளைகளுக்கு அது பொருந்தும். இரண்டாவதுதான் தொழிலாளியின் உடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கொண்டுவருகிறது.

1959 நவம்பர் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் ரேஞ்சர்ஸின் ஆண்டி பாத்கேட் புறங்கை வீச்சில் அடித்த வட்டு பிளாண்டின் முகத்தில் பட்டது. மூக்குத் துளையிலிருந்து வாயோரம் வரை கிழிந்தது. தரையெல்லாம் ரத்தம். சற்றுமுன் பிளாண்ட் தம்மைத் தடுக்கி விழச்செய்ததற்குப் பதிலடியாக வேண்டுமென்றே முகத்தைக் குறிவைத்ததாகப் பாத்கேட் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். பிளாண்டை உள்ளே அழைத்துச் சென்று தையல் போட்டார்கள். அரங்கில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். கவசம் இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று பிளாண்ட் பிளேக்கிடம் சொன்னது அந்த அறையில்தான்.

பிளேக்கின் முன்னால் இருந்த வழிகளை எண்ணிப் பார்ப்போம். அணியில் இரண்டாவது கோல்கீப்பர் கிடையாது. அப்படிப்பட்ட நேரத்துக்கென உள்ளூர் அரங்கம் ஒருவரை ஏற்பாடு செய்து வைத்திருக்கும். பெரும்பாலும் அவர் அமெச்சூர். 1928 இறுதிப் போட்டியில் ரேஞ்சர்ஸின் கோல்கீப்பர் லார்ன் சாபோ கண்ணில் அடிபட்டு விழுந்தபோது, பார்வையாளர் வரிசையில் இருந்த ஒட்டாவா அணியின் கோல்கீப்பரைப் பயன்படுத்த எதிரணி சம்மதிக்கவில்லை. 44 வயதுப் பயிற்சியாளர் லெஸ்டர் பேட்ரிக் தாமே கவசப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு கோலில் நின்றார். இந்த ஏற்பாட்டின் உள்முரணை முப்பது ஆண்டுகளாக யாரும் தீர்க்கவில்லை. பருவம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கோல்கீப்பரை எளிதில் மாற்றிவிடலாம்; கீழே வரிசை நிற்கிறது. ஆனால் நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆட்டத்தின் நடுவே அவருக்கு மாற்றே இல்லை. ஓர் ஆண்டின் அளவில் மிகப் பலவீனமாக இருக்கும் தொழிலாளி, ஓர் இரவின் அளவில் முதலாளியைவிட வலுவாக இருக்கிறார். பிளாண்ட் அதைச் சொல்லாக்கினாரோ இல்லையோ, தம் மறுப்பை அந்த இடைவெளியில் துல்லியமாக வைத்தார். பயிற்சி முகாமில் இதையே சொல்லியிருந்தால் இன்னொருவரை அழைத்திருப்பார்கள். அந்த இரவில் பிளேக் இணங்கினார். கனேடியன்ஸ் 3-1 என்று வென்றது.

காயம் ஆறும்வரைதான் கவசம் என்பது ஒப்பந்தம். ஆனால் அணி தொடர்ந்து வென்றது. 1960 மார்ச் 8 அன்று டெட்ராய்ட்டில் கவசத்தைக் கழற்றிவிட்டு ஆடச் சொன்னார்கள். 3-0 என்று தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் கவசம் திரும்பியது. அந்த ஆண்டுக் கோப்பையை எட்டே ஆட்டங்களில், ஒன்றில்கூடத் தோற்காமல் வென்றார்கள். வெற்றி தொடராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பெனடிக்டே சாட்சி.

வீரக் கதை இங்கே முடிந்துவிடும். பணிவரலாறு முடியாது. அடுத்த 1960-61 பருவத்தில் முழங்கால் வலியோடு ஆடித் தடுமாறிய பிளாண்டைக் கனேடியன்ஸ் கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. ஐந்து கோப்பைகள் வென்று ஓராண்டுகூட ஆகவில்லை. குருத்தெலும்பு கிழிந்திருந்தது பிறகு தெரிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. திரும்பி வந்து 1961-62இல் 70 ஆட்டங்களையும் ஆடினார். ஆறாவது வெசினாவோடு, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதையும் பெற்றார். அதன்பின் 1997இல் டொமினிக் ஹாஷெக் பெறும்வரை வேறெந்தக் கோல்கீப்பருக்கும் அந்த விருது கிடைக்கவில்லை. ஆனாலும் 1963இல் ரேஞ்சர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்துமாவைக் காரணம் காட்டி டொரண்டோவில் அணியோடு தங்காமல் வேறு விடுதியில் தங்கியது போன்ற உரசல்கள் பிளேக்குக்குச் சலிப்பூட்டியிருந்தன. ரேஞ்சர்ஸும் அவரைப் பால்டிமோரின் கீழ்நிலை அணிக்கு இறக்கியது. 1965இல் ஓய்வை அறிவித்தார். கவசம் அவருடைய முகத்தைக் காத்தது. வேலையைக் காக்கவில்லை.

வேலையைத் திருப்பித் தந்தவை இரண்டு நிர்வாக முடிவுகள். 1965 முதல் ஒவ்வோர் அணியும் இரண்டு கோல்கீப்பர்களைச் சீருடையில் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1967இல் லீக் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. ஆறாக இருந்த இடங்கள் இருபத்து நான்காயின. புதிய அணியான செயின்ட் லூயிஸ் புளூஸ் 1968இல் பிளாண்டை அழைத்தது. கூட்டாளி, அதே கிளென் ஹால். நாற்பது வயதான பிளாண்டும் 37 வயதான ஹாலும் ஆட்டங்களைப் பகிர்ந்துகொண்டு 1969இல் வெசினாவையும் பகிர்ந்துகொண்டார்கள். 502 ஆட்டங்கள் வெறுமுகத்தோடு ஆடிய ஹால் முகக்கவசம் அணியத் தொடங்கியதும் அந்தப் பருவத்தில்தான். இதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. ஓய்வு நாள் கிடைத்த தொழிலாளிக்கே தன் உடலைப் பற்றி யோசிக்க இடம் கிடைக்கிறது. 1970 இறுதிப் போட்டியில் பாஸ்டன் அணியினர் அடித்த வட்டு திசைமாறிப் பிளாண்டின் நெற்றியில் மோதிக் கவசத்தையே உடைத்தது. அவர் மருத்துவமனைக்குப் போனார். கவசம் இல்லையேல் உயிர் போயிருக்கும் என்று பின்னர் சொன்னார். அடுத்த பருவத்தில் டொரண்டோவுக்காக, 42 வயதில், ஆட்டத்துக்குச் சராசரி 1.88 கோல் மட்டுமே விட்டார். அந்தக் காலத்திலேயே ஃபைப்ரோஸ்போர்ட் என்ற பெயரில் முகக்கவசம் தயாரிக்கும் நிறுவனத்தையும் தொடங்கினார்.

இந்த வாதத்துக்கு எதிராக ஒன்று சொல்லலாம். கவசம் தொழிலமைப்பால் தடைபட்டது என்றால், 1959க்குப் பின்னும், வேலைகள் பெருகிய பின்னும், சிலர் ஏன் வெறுமுகத்தோடே ஆடினார்கள்? கம்ப் வோர்ஸ்லி தம் கடைசிப் பருவமான 1973-74 வரை கவசம் அணியவில்லை. பிட்ஸ்பர்கின் ஆண்டி பிரவுன் 1974 ஏப்ரலில் லீக்கின் கடைசி வெறுமுகக் கோல்கீப்பராக ஆடினார். பழக்கமும் பெருமிதமும் தனி வலுவுடையவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் வோர்ஸ்லி ஆறு வேலைகளின் காலத்தில் உருவானவர். அந்தக் காலம் கற்றுத்தந்த உடல்மொழி அது முடிந்தவுடன் உதிர்ந்துவிடாது.

இந்த விளக்கத்தை உரசிப் பார்க்க ஓர் உரைகல் இருக்கிறது: கோல்கீப்பர் அல்லாத மற்ற ஆட்டக்காரர்களின் தலைக்கவசம். அவர்களில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் உள்ளே இறங்க இன்னும் பலர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டத்தின் நடுவே எவரும் இன்றியமையாதவர் அல்லர்; எனவே நியூயார்க்கில் அந்த இரவு பிளாண்டுக்குக் கிடைத்த பேர வலு அவர்களுக்கு வாய்க்கவே முடியாது. 1968 ஜனவரியில் மின்னசோட்டாவின் பில் மாஸ்டர்டன் பனித்தரையில் தலை மோதி இறந்தார். அந்த மரணம்கூட விதியை மாற்றவில்லை. பதினோராண்டு கழித்து, 1979இல்தான், புதிதாக ஒப்பந்தமாவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று லீக் ஆணையிட்டது. பழைய ஆட்டக்காரர்களுக்கு அதிலும் விலக்கு இருந்தது. விலக்குப் பெற்றவர்களில் கடைசியாக ஆடிய கிரெய்க் மாக்டாவிஷ் 1997இல்தான் ஓய்வு பெற்றார். கோல்கீப்பர்கள் தாங்களாகவே வென்றெடுத்ததை மற்றவர்களுக்கு மேலிருந்து வந்த ஆணைதான் தர வேண்டியிருந்தது.