கடல் கடந்த கறி

பனமலைக் குன்றின்மீது இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாகக் காற்றையும் மழையையும் தாங்கி நிற்கிறது. அக்கோயிலின் சிற்றறை ஒன்றன் சுவரில், குடைநிழலில் ஒயிலாக நிற்கும் உமையம்மையின் ஓவியம் சிதைந்த நிலையிலும் கண்ணைக் கவர்கின்றது. விழுப்புரம் வட்டாரத்து மாணவர் பலர் அதனைப் பார்த்திருப்பர். அக்கோயிலை எழுப்பிய வேந்தன் கி.பி. 720-ஆம் ஆண்டில் சீனப் பேரரசனுக்குத் தூது அனுப்பினான் என்று சீன நூல்கள் கூறுகின்றன.

அரசன் அனுப்பிய தூது ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் அவன் காலத்தும் அதற்குப் பின்னும் கீழைக்கடலைக் கடந்து சென்ற மாலுமியும் வணிகனும் துறவியும் என்ன உண்டனர், எந்த ஊரில் எவர் அவர்களுக்குச் சோறிட்டனர் என்பவற்றை எழுதி வைத்தார் இலர். உணவின் வரலாறு பெரும்பாலும் அடுப்பிலும் சொல்லிலுமே தங்கியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் நான். ஒரு நாட்டை அறிய அதன் போர்க்களங்களைப் பார்ப்பதுபோலவே அதன் சாப்பாட்டுக் கடைகளையும் பார்க்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். அவ்வகையில் டோக்கியோ மாநகரத்து உணவுச்சாலை ஒன்றின் வரலாற்றை இங்கே கூற விரும்புகிறேன். அங்கே பரிமாறப்படும் உணவின் பெயர் நம் தமிழ்ச்சொல். அதனைச் சமைக்கக் கற்பித்தவர் நம் நாட்டு விடுதலை வீரர் ஒருவர்.

முதலில் அந்நகரத்தைச் சிறிது அறிந்துகொள்வோம். டோக்கியோவின் பழம்பெயர் எடோ. 1603-ஆம் ஆண்டு முதல் தொக்குகாவா மரபினர் அங்கிருந்து நாட்டை ஆண்டனர். நாட்டிலுள்ள பிரபுக்கள் குறித்த கால முறைப்படி தலைநகரில் வந்து தங்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த கட்டளை. ஆகவே மனைவி மக்களை ஊரில் விட்டுவந்த வீரர்களும் ஏவலரும் நகரில் நிறைந்தனர். 1657-ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிற்று. அதனை மீண்டும் கட்டுதற்காகத் தச்சரும் கொத்தரும் கூலியாட்களும் வந்து குவிந்தனர். தனியாளாய் உழைத்துக் களைத்தவனுக்குச் சமைத்துப் போடுவார் யார்? அவனுக்காகக் கடைச்சோறு பிறந்தது. அசாக்குசா என்னும் பகுதியில் கோயில் வாயிலின் அருகே, தேநீரில் வெந்த சோற்றையும் சோயாக் கட்டியிட்ட சாற்றையும் விற்கும் கடைகள் தோன்றின. பின்னர்ச் சோபா என்னும் கோதுமை போன்றதொரு தானியத்தின் இழையுணவை விற்பாரும், மீனை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பாரும் தெருவெங்கும் வந்தனர். தெம்புரா எனப்படும் அப்பொரியலை ஜப்பானியர் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரிடமிருந்து கற்றனர். புளிச்சோற்றை விரலால் பிடித்து அதன்மேல் மீன்துண்டை வைத்து உடனே கொடுக்கும் சூஷி, 1820-களில் எடோவில் பரவியது. இன்று உலகமெல்லாம் விலையுயர்ந்த உணவாக மதிக்கப்படும் அது, தொடக்கத்தில் தெருவோரத்தில் நின்றபடி தின்னும் பண்டமாகவே இருந்தது.

ஜப்பானிய உணவுக்கடைக்கெனச் சில ஒழுக்கங்கள் உண்டு. வாயிலில் தொங்கும் துணித்திரை, கடை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அமர்ந்தவுடன் கை துடைக்க ஈரத்துணி தருவர். உண்ணுமுன் ‘பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்னும் பொருளுடைய ‘இத்தாதாக்கிமாசு’ என்ற சொல்லைக் கூறுவர். உண்டு முடித்ததும் ‘கொச்சிசோசாமா’ என்பர். இச்சொல்லின் வேரில் ‘ஓடியாடுதல்’ என்ற பொருள் உள்ளது. விருந்தினருக்காக அங்கும் இங்கும் ஓடிப் பொருள் தேடிச் சமைத்தவரின் உழைப்புக்கு அது நன்றி. உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தலாகாது; இறந்தோர்க்குப் படைக்கும் சோற்றில்தான் அவ்வாறு வைப்பர். வாய்க்கரிசியின் பொருளறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இனிக் கறிக்கு வருவோம். சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்ற சொல் மிளகைக் குறிக்கும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குவிந்திருந்த மிளகு மூட்டைகளைப் பட்டினப்பாலை இச்சொல்லால் சுட்டுகின்றது. காலப்போக்கில் அது சோற்றுடன் சேர்த்துண்ணும் காரமான துணையுணவையும் குறிக்கலாயிற்று. நம் கடற்கரைக்கு வந்த போர்த்துகீசியர் அதனைத் தம் மொழியில் ஏற்றனர். அவர்க்குப் பின் ஆங்கிலேயர் ஏற்றனர். 1747-இல் லண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூலில் கறி செய்யும் முறை இடம்பெற்றுள்ளது. பிறகு ஆங்கில வணிகர் மசாலையை இடித்துக் குப்பியில் அடைத்துக் ‘கறிப்பொடி’ என்று விற்கலாயினர்.

ஜப்பானில் கி.பி. 675-ஆம் ஆண்டில் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் ஊனை ஆண்டின் சில மாதங்களில் உண்ணலாகாது என ஆணையிட்டார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஊனுணவு அந்நாட்டில் பெருவழக்காகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் துறைமுகங்கள் அயலார்க்குத் திறக்கப்பட்டன. 1872-இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி பரவியது. அதே ஆண்டில் வெளிவந்த மேனாட்டுச் சமையல் நூல்களில் கறி செய்யும் முறையும் காணப்பட்டது. ஆங்கிலேயர் வழியாக வந்தமையால் ஜப்பானியர் அதனை ஐரோப்பிய உணவென்றே கொண்டனர். மாவிட்டுக் கெட்டியாக்கிய குழம்பாகச் சோற்றின்மேல் ஊற்றி உண்டனர். 1908-ஆம் ஆண்டின் கடற்படைச் சமையல் நூலிலும் அது இடம்பெற்றது. அவர்கள் நாவில் அதன் பெயர் ‘கரே’ ஆயிற்று. நம் சொல், தன் தாயகத்தின் அடையாளத்தை இழந்து, ஆளும் இனத்தாரின் பண்டமாக வேற்று நாட்டில் அறிமுகமாயிற்று.

இந்நிலையில்தான் ராஷ் பிஹாரி போஸ் ஜப்பானுக்கு வந்தார். 1886-இல் வங்காளத்தில் பிறந்த அவர், தேராதூனில் வன ஆராய்ச்சி நிலையத்தில் எழுத்தராக இருந்துகொண்டே புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டார். 1912 டிசம்பர் 23 அன்று தில்லியில் யானைமீது ஊர்வலம் வந்த அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபுவின்மீது குண்டு வீசப்பட்டதன் பின்னணியில் இருந்தவர் அவரே. 1915 பிப்ரவரியில் படைவீரரிடையே எழுச்சியை உண்டாக்கச் செய்த முயற்சியும் தோற்றது. கவி தாகூரின் உறவினர்போலப் பெயர் பூண்டு, அவ்வாண்டே கப்பலேறி ஜப்பானை அடைந்தார்.

ஆங்கிலேயரோடு ஜப்பான் அப்போது நட்புடன்படிக்கை செய்திருந்தது. அவர்களது வற்புறுத்தலால், போஸ் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணை 1915-இன் இறுதியில் பிறந்தது. கப்பலேறினால் வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்குவார். சிக்கினால் தூக்குக் கயிறு. அப்பொழுது ஷின்ஜுகுப் பகுதியில் நாக்காமுராயா என்ற ரொட்டிக்கடை நடத்திவந்த சோமா ஐசோ என்பவரும் அவர்தம் மனைவி கொக்கோவும் அவருக்கு அடைக்கலம் தர முன்வந்தனர். தோயாமா மிட்சுரு என்னும் செல்வாக்குமிக்க தலைவரின் இல்லத்திலிருந்து காவலர் கண்ணில் படாமல் அவர் கடத்திக் கொண்டுவரப்பட்டார். கடைக்குப் பின்புறம் இருந்த ஓவியக்கூடம் ஒன்றில் சில மாதங்கள் மறைந்திருந்தார். முன்புறம் ரொட்டி விற்பனை. பின்புறம் ஒரு பேரரசு தேடிய மனிதர். கடையில் பணிபுரிந்தோர் எவரும் வாய் திறக்கவில்லை. எண்ணிப் பாருங்கள், மாணவர்களே! முன்பின் அறியாத, தம் மொழி நன்கு அறியாத ஒருவருக்காக ஒரு வணிகக் குடும்பம் தன் வாழ்வையே பணயமாக வைத்தது.

வெளியேற்ற ஆணை நீங்கிய பின்னும் ஆங்கில ஒற்றர்கள் விடவில்லை. அவர் வீடு மாறிக்கொண்டே இருந்தார். 1918-இல் சோமா தம்பதியர் தம் மூத்த மகள் தோஷிக்கோவை அவருக்கு மணம் செய்து கொடுத்தனர். 1923-இல் அவர் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். மறைந்து வாழவேண்டிய கட்டாயம் நீங்கிய சிறிது காலத்தில், 1925-இல், இரு குழந்தைகளை விட்டு அவ்வம்மையார் மறைந்தார். போஸ் பின்னர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அக்காலத்தில் ஷின்ஜுகுவில் பெரும் பலசரக்கு அங்காடி ஒன்று வந்து, சிறு கடைகளுக்குப் போட்டியாயிற்று. வாடிக்கையாளர் அமர்ந்து உண்ண ஓர் இடம் வேண்டும் என்று சோமா எண்ணினார். ‘அவ்வாறாயின் எங்கள் நாட்டுக் கறியை உண்மையான முறையில் படைப்போம்’ என்னும் கருத்தைப் போஸ் முன்வைத்தார். 1927-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாக்காமுராயாவின் சிற்றுண்டிச்சாலை திறக்கப்பட்டது. மாவுக் குழம்புக்கு மாறாக, எலும்போடு கூடிய கோழித்துண்டுகளும் முறையாகச் சேர்த்த மசாலையும் கொண்ட கறி அங்கே பரிமாறப்பட்டது. உதிர்ந்து விழும் அரிசிச்சோறு ஜப்பானியருக்கு உவக்கவில்லை; ஆகவே கறிக்கு இசைந்த உள்நாட்டு அரிசியைத் தேர்ந்தெடுத்தனர். பிற கடைகளில் கறிச்சோற்றின் விலை 10 அல்லது 12 சென் ஆக இருந்தபோது இங்கே 80 சென். ஆயினும் மக்கள் திரண்டனர். அதன் பெயரையும் ‘கரே’ என்னாது ‘கரீ’ என்றே எழுதினர்; இன்றும் அவ்வாறே எழுதுகின்றனர். கறி இந்தியாவுக்கு உரியது, ஆங்கிலேயருக்கு உரியதன்று என்பதை மேடையேறிச் சொல்லாமல் தட்டில் வைத்துச் சொன்னார் அவர்.

இக்கதையை இங்கே நிறுத்திவிட்டால் கேட்போர்க்கு இனிமையாக இருக்கும். ஆனால் வரலாறு முழுமையடையாது. போசுக்கு அடைக்கலம் கிடைத்த அதே ஜப்பான், 1910-இல் கொரியாவைத் தன் ஆட்சிக்குள் அடக்கியது; பின்பு சீனத்தின்மீது படையெடுத்தது. இரண்டாம் உலகப்போரில் போஸ் இந்திய விடுதலைக் கழகத்தின் தலைவராகி, 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் அப்பொறுப்பைச் சுபாஷ் சந்திர போசிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய அரசுக்கு மிகவும் இணங்கிப் போகிறார் என்ற குறை இந்தியரிடையிலேயே அவர்மீது கூறப்பட்டது. அக்காலத்திலேதான் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதையை அமைக்க ஜப்பானியப் படையினரால் கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் பட்டினியும் அடியும் அவர்களைக் கொன்றன. ஒரு கையால் சோறிட்ட நாடு, மற்றொரு கையால் நம்மவரைச் சாகவிட்டது.

இவ்விரண்டையும் எவ்வாறு ஒருங்கே கொள்வது? ரொட்டிக் கடைக்காரரின் அறச்செயல் அவருடையது; படையின் கொடுமை படையினுடையது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது. ஒரு நாட்டு மக்களையும் அதன் அரசையும் ஒரே எடையாக நிறுப்பவன் இரண்டையும் தவறாக அறிவான். போரின் துன்பம் அக்குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. 1945 ஜனவரி 21 அன்று, தாயகத்தின் விடுதலையைக் காணாமலே போஸ் டோக்கியோவில் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே அவருடைய மகன் ஒக்கினாவாப் போரில் மடிந்தார்.

போருக்குப் பின்னும் நாக்காமுராயா நிலைத்தது. போசுடன் பணியாற்றிய ஏ. எம். நாயர், திருவனந்தபுரத்தில் பிறந்து 1928-இல் கியோத்தோவில் பொறியியல் பயிலச் சென்றவர். 1949-இல் டோக்கியோவின் கின்சாவில் ஓர் இந்திய உணவகம் தொடங்கினார். அதுவும் தொடர்ந்து நடந்துவருகிறது. சோற்றையும் கறியையும் நன்றாகப் பிசைந்து உண்ணுமாறு அங்கே வாடிக்கையாளருக்குச் சொல்வது வழக்கம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சுவைத்துப் பழகிய ஜப்பானியர்க்கு அது புதுமை. நமக்கோ தாய் கற்பித்த முதற்பாடம்.

இப்போது காற்று எதிர்த்திசையிலும் வீசுகின்றது. ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதிகளில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றோடு பொறியாளர்கள் வந்தனர். அவர்களுக்காகச் சென்னையில் ஜப்பானிய உணவகங்கள் தோன்றின. எடோ நகரத்தில் நடந்த அதே கதைதான்: வீட்டைவிட்டு வந்தவன் இருக்குமிடத்தில் அவனுக்கேற்ற சோற்றுக்கடை பிறக்கும். அக்கடைகளில் இன்று நம் இளைஞரும் அமர்ந்து உண்ணுகின்றனர். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கல்வி கற்கச் சென்னை செல்லும் மாணவர்களே, நீங்களும் ஒருநாள் அத்திரையை விலக்கி உள்ளே செல்லக்கூடும். உணவு நாவுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் முகம் சுளிக்குமுன், உங்கள் எதிரில் நின்று பரிமாறுபவர் எந்த ஊரார், எதற்காக வந்தார், இங்கே அவரை யார் வரவேற்றார் என்று கேளுங்கள். உண்டபின் அவர்கள் மொழியில் அந்த நன்றிச் சொல்லையும் கூறுங்கள். உங்களுக்காக ஓடியவர் அதனை உணர்வார்.