1860 மே 4: தேதிக்கு முன்னாடியே வந்த பெந்தெகொஸ்தே

அரக்கோணத்தில் எங்க தெருக்கோடியில், தண்டவாளத்தை ஒட்டின மாதிரி ஒரு தகரக் கொட்டகைச் சபை இருக்கு. ஆரம்பிச்சு ஐந்தாறு வருஷம்தான் ஆகிறது. நாற்பது பேர் வந்தால் பெரிய கூட்டம். ஒரு பெந்தெகொஸ்தே ஞாயிறு, எனக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. ஸ்பீக்கர் சத்தம் தாங்கவில்லை. கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம் என்று எழுந்து போனேன். போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். தினமும் காலையில் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அக்கா கண்ணை மூடிக்கொண்டு உடம்பு நடுங்க நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பெரியவர் எனக்குப் புரியாத ஏதோ ஒரு பாஷையில் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாக ஓய்ந்துகிடந்த சபை இன்றைக்குத்தான் எழுந்திருக்கிறது என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் காவடி எடுப்பவர்களைச் சின்ன வயசிலிருந்தே பார்த்து வளர்ந்தவன். பக்தியில் உடம்பு நடுங்குவது எனக்குப் புதுசு இல்லை. எனக்கு வந்த கேள்வி வேறு. இந்த நடுக்கம், இந்த அந்நிய பாஷை, இதெல்லாம் நம்ம பக்கம் எப்போ வந்தது?

இணையத்தில் தேடினால் வழக்கமாகக் கிடைக்கிற பதில் ஒன்று: 1906, லாஸ் ஏஞ்சலஸ், அசூசா தெரு. அடிமைகளாக இருந்தவர்களின் மகனான வில்லியம் செய்மோர் நடத்திய கூட்டங்களில் தொடங்கி, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது என்பார்கள். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள், அதற்கு முந்தைய வருஷமே, 1905-இல், புனே பக்கத்துக் கேட்காவ்னில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் தொடங்கிவிட்டது என்று சேர்ப்பார்கள். நானும் அந்த இரண்டோடு நிறுத்தியிருப்பேன். தற்செயலாக ஒரு பழைய டைரி கண்ணில் பட்டது. ஜி.எச். லாங் என்ற ஆங்கிலேயர் 1939-இல் புத்தகமாக வெளியிட்டது. டைரியை எழுதியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், திருநெல்வேலித் தமிழர். அதில் 1860-ஆம் வருஷப் பக்கங்களைப் படித்தபோது, தகரக் கொட்டகை வாசலில் நான் பார்த்த காட்சி அப்படியே இருந்தது. அசூசாவுக்கு 46 வருஷம் முன்பு!

கதைக்குள் போவதற்கு முன், தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பெந்தெகொஸ்தே என்றால் ஐம்பதாவது நாள். யூதர்களின் அறுவடைப் பண்டிகை. இயேசு உயிர்த்தெழுந்த பிறகு வந்த அந்தப் பண்டிகையன்று, எருசலேமில் கூடியிருந்த சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கியது என்றும், அவர்கள் பல பாஷைகளில் பேசினார்கள் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. கிறிஸ்தவ நாட்காட்டியில் ஈஸ்டரிலிருந்து ஏழு வாரம் கழித்து வரும் ஞாயிறு அது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் எல்லோருக்குமே அது திருநாள்தான். 'பெந்தெகொஸ்தே சபைகள்' என்று நாம் சொல்வது, அந்த அனுபவம் இன்றைக்கும் திரும்ப நடக்கும் என்று நம்புகிற தனிப்பிரிவுகளை.

இனி அருளப்பன். 1810-இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் பயின்றவர். ரேனியஸ் ஜெர்மானியர், ஆங்கிலேய சி.எம்.எஸ். மிஷனுக்காக 1820-இலிருந்து திருநெல்வேலியில் வேலை பார்த்தவர். தமிழ் இலக்கணம் எழுதியவர், பைபிள் மொழிபெயர்ப்பைத் திருத்தியவர். இவரை சி.எம்.எஸ். 1835-இல் வேலையை விட்டு நீக்கியது. என்ன தகராறு? பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. தன்னிடம் பயின்ற தமிழ் உபதேசியார்களுக்கு யார் கைவைத்துக் குருப்பட்டம் கொடுப்பது, ஆங்கிலிக்கன் பிஷப்பா, நாங்களேவா என்பதுதான். ரேனியஸ் போனதும் திருநெல்வேலி சபைகள் இரண்டாகப் பிளந்து நின்றன. 1838-இல் அவர் இறந்தும் போனார். தமிழ்ச் சபைக்கு அதிகாரம் எங்கிருந்து வர வேண்டும் என்ற சண்டைக்கு நடுவில் வளர்ந்த பையன் அருளப்பன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1860 புரிவதற்கு இது வேண்டும்.

அதற்கு நடுவில் 1833-இல் இன்னொரு ஆள் வருகிறார். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். இங்கிலாந்தின் எக்ஸிடரில் நல்ல வருமானத்தோடு இருந்த பல் டாக்டர். அதை விட்டுவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் வாங்காமல் பாக்தாத் போனவர். அங்கே 1831-இல் வந்த பிளேக்கில் மனைவியைப் பறிகொடுத்தவர். பிரிஸ்டலில் அநாதை இல்லம் நடத்திப் புகழ் பெற்ற ஜார்ஜ் முல்லர் இவருடைய தங்கை கணவர்தான். குரோவ்ஸின் கொள்கை சுருக்கமானது: ஊழியத்துக்குச் சங்கமும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம், அப்பம் பிட்கக் குருப்பட்டமும் வேண்டாம். இவரோடு ஊர் ஊராகப் பயணம் போன இளைஞன் அருளப்பன்.

எனக்கு இங்கே ஒரு சின்ன உள்ளூர் சந்தோஷம். குரோவ்ஸ் இங்கிலாந்து போய்த் திரும்பி வந்து, 1830-களின் பிற்பகுதியில் குடியேறிய இடம் சித்தூர். அன்றைக்கு வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமே சித்தூர்தான். ஆந்திரா, தமிழ்நாடு என்ற கோடெல்லாம் கிடையாது. அங்கே நிலம் வாங்கி, பட்டுக்காக முசுக்கட்டைச் செடி வளர்த்து, அந்த வருமானத்தில் ஊழியம் நடத்தலாம் என்று திட்டம் போட்டார். கையில் இருந்த பணம் போனதுதான் மிச்சம். ஸ்டார்ட்அப் ஆரம்பித்து நொடித்துப்போன நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். குரோவ்ஸின் கடைசி வருஷங்களைப் படிக்கும்போது அவர்கள் முகம்தான் ஞாபகம் வந்தது. 1853-இல் பிரிஸ்டலில், முல்லர் வீட்டில், தன் வாழ்க்கை வீணாகிவிட்டதோ என்ற வருத்தத்தோடுதான் அவர் இறந்தார்.

வீணாகவில்லை. சித்தூரில் முளைக்காதது திருநெல்வேலிச் சீமையில் முளைத்தது. சம்பளத்தோடு வந்த மிஷன் வேலைகளை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, 1840-இல் வத்திராயிருப்பு பக்கத்தில் அருளப்பன் ஒரு புது ஊரை உண்டாக்கினார். பெயர் கிறிஸ்தியான்பேட்டை. இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். நிலம், கிணறு, பள்ளிக்கூடம், ஜெப வீடு. அவரே விவசாயம் பார்த்தார், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், பக்கத்துக் கிராமங்களுக்கு நடந்து போய்ப் பிரசங்கம் செய்தார். வெள்ளைக்கார மிஷனரி யாரும் மேலே இல்லை. ஞானஸ்நானமும் இராப்போஜனமும் அவர்களுக்குள்ளேயே நடந்தன.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அன்றைய மிஷன் அமைப்போடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உச்சியில் ஐரோப்பிய மிஷனரி. அவருக்குக் கீழே நாட்டுக் குருமார். அதற்கும் கீழே உபதேசியார், பள்ளி வாத்தியார். எல்லோருக்கும் சம்பளம் மேலிருந்து இறங்கும். ரிப்போர்ட் கீழிருந்து ஏறும். ஐ.டி. கம்பெனிக்காரனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இருபது வருஷம் ஓடியது. கிளைக் கிராமங்கள் சில சேர்ந்தன. எந்தச் சபைக்கும் இருபதாவது வருஷத்தில் வருகிற ஒரு அலுப்பு உண்டு. முதல் தலைமுறையின் சூடு ஆறி, ஆராதனை பழக்கமாகிவிடும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து செய்தி வந்தது. 1857-58-இல் நியூயார்க்கில் மதிய வேளை ஜெபக்கூட்டங்கள் பெருகிவிட்டன, 1859-இல் வட அயர்லாந்தில் ஊர் ஊராக எழுப்புதல் என்று. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கடலடித் தந்தி 1870-இல்தான் வந்தது. ஆகவே இந்தச் செய்தி கப்பலில் வந்து, தபால்காரன் தோளில் ஏறித்தான் வத்திராயிருப்பு போயிருக்கும். அருளப்பன் அதைப் படித்துவிட்டு, அங்கே நடப்பது இங்கேயும் நடக்க வேண்டும் என்று சபையோடு சேர்ந்து ஜெபிக்க ஆரம்பித்தார்.

1860 மே 4 முதல் 7 வரை. டைரி சொல்வதை என் வார்த்தையில் தருகிறேன். ஆவி வெளிப்படையாக இறங்கியது. சிலர் தீர்க்கதரிசனம் சொல்லி ஜனங்களைக் கண்டித்தார்கள். சிலர் மார்பில் அடித்துக்கொண்டு, நடுங்கி விழுந்தார்கள். படிப்பறிவில்லாத சிலர் அதுவரை யாரும் கேட்டிராத பாட்டுகளைப் பாடினார்கள். சுற்றுவட்டார இந்துக்கள் வந்து, பயமும் ஆச்சரியமுமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். (அந்தப் பாட்டுகள் என்ன? நான் படித்த பக்கங்களில் இல்லை. இந்தக் கதையில் எனக்குப் பெரிய ஏமாற்றம் அதுதான்.) ஜூனில் சிலர் அந்நிய பாஷையில் பேசினார்கள், அதற்குப் பொருள் சொல்பவர்களும் இருந்தார்கள். ஜூலையில் ஒரு கிளைச் சபையில் 25 பேருக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இந்த இடத்தில் என் தொழில்புத்தி குறுக்கே வந்தது. மே மாதம் என்றதும், ஆஹா, பெந்தெகொஸ்தே ஞாயிறன்றைக்கே நடந்திருக்கும் போல என்று தோன்றியது. ஈஸ்டர் தேதி கண்டுபிடிக்க ஒரு பழைய கணக்குமுறை உண்டு. பத்துப் பதினைந்து வரியில் புரோகிராம் எழுதிவிடலாம். ஓட்டிப் பார்த்தேன். 1860-இல் ஈஸ்டர் ஏப்ரல் 8. பெந்தெகொஸ்தே மே 27. மே 4 ஒரு வெள்ளிக்கிழமை. திருநாளுக்கு இன்னும் 23 நாள் இருக்கிறது. அவ்வளவு ஏன், இயேசு பரமேறிய திருநாள்கூட அந்த வருஷம் மே 17-தான். நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த அழகான தலைப்பு போயிற்று. ஆனால் யோசித்துப் பார்த்தால், குரோவ்ஸ் வழியில் வந்தவர்கள் திருநாள் நாட்காட்டியைப் பெரிதாகப் பார்க்கிறவர்கள் அல்ல. குருப்பட்டத்துக்கே காத்திருக்காதவர்கள் தேதிக்கா காத்திருப்பார்கள்?

மிஷனரிகள் என்ன நினைத்தார்கள் என்பதுதான் அடுத்த அத்தியாயம். இரண்டு பக்கமும் இருந்தது. மிஷனரிகளில் சிலர் இந்த வரங்களை உண்மை என்று ஒப்புக்கொள்கிறார்கள், வேறு சிலர் ஆவியை அணைக்கப் பார்க்கிறார்கள் என்று அருளப்பனே எழுதுகிறார். நடுக்கத்தைக் கண்டு அவர்கள் பயந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. பதினோரு வருஷம் முன்புதான், 1849-இல், கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய நூலில் சாமியாட்டத்தைப் பேயாட்டம் என்று விரிவாக வர்ணித்திருந்தார். கோயில் கொடையில் விட்டுவிட்டு வரச் சொன்ன அதே நடுக்கம், சபைக்குள்ளே வந்து நின்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் வட திருநெல்வேலி எழுப்புதலைப் பற்றி அதே 1860-இல் சி.எம்.எஸ். வெளியீட்டில் வந்த செய்தியைப் படித்தால், அவர்களை உண்மையில் அசைத்தது நடுக்கம் இல்லை. சாதாரண ஜனங்கள், கையில் காசில்லாமல், யாரும் அனுப்பாமல், தாங்களாகக் கிளம்பி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யப் போனது. இந்திய மிஷன் வரலாற்றில் இது புதுக்காலம் என்கிற தொனியிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. கூடவே, இவர்களால் இது முடியும் என்று நாம் நினைக்கவில்லையே என்ற வியப்பும் உண்டு. பாராட்டுதான். ஆனால் நாற்பது வருஷம் கூடவே இருந்து பார்த்தவர்களுக்கு அந்த வியப்பு வந்தது என்பதை நான் இரண்டு தடவை படித்தேன்.

எழுப்புதல் சி.எம்.எஸ். கிராமங்களுக்கும் பரவியது. எல்லாம் கால்நடையாகத்தான். எங்க அரக்கோணம் வழியாக 1856-லேயே ராயபுரம்–வாலாஜா ரயில் ஓடிவிட்டது. திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876-இல். அருளப்பன் 1867-இல் இறந்துவிட்டார், ரயிலுக்கு ஒன்பது வருஷம் முன்பு. 1870-களில் அடுத்த அலை மேற்கே திருவாங்கூரில் சிரியன் கிறிஸ்தவர்களிடையே எழுந்தது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்பவரைச் சுற்றி யுயோமயம் என்ற தனிப்பிரிவே உண்டாகி, 1881-இல் கிறிஸ்து திரும்ப வருவார் என்று நாள் குறித்தார்கள். நாள் குறித்தவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்து முடித்த வாரம், தெருக்கோடிச் சபை நடத்துகிற தம்பியை டீக்கடையில் பார்த்தேன். முப்பது வயசு இருக்கும். ரயில்வே கான்ட்ராக்ட் வேலை. சபை வாடகை அவர் கூலியிலிருந்துதான் போகிறது. சத்தத்தைப் பற்றி நான் அன்றைக்கும் பேசவில்லை. அருளப்பன் கதையைச் சொன்னேன். பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை. அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் என்று நான் ஆர்வமாக அடுக்கிக்கொண்டே போக, அவர் அதிலெல்லாம் அசரவில்லை. டீயை வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அவருக்குச் சம்பளம் யாரு அண்ணா குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல. வெவசாயம் பண்ணாரு."

"எத்தனை வருசம்?"

1840-இலிருந்து 1867 வரை. கணக்குப் போட்டுச் சொன்னேன். "இருபத்தேழு."

கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்த ஊருக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டு, வத்திராயிருப்பு என்ற பெயரைப் போனில் டைப் பண்ணிக்கொண்டார்.