கடைசிக் காவல்

ஆட்டம் நடக்கும்போது அதைப் பற்றிப் பேசுவது எவர்க்கும் எளிது. ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கையில், ஆடப்போகும் நான்கு இளைஞர்களைப் பற்றி மட்டும் மணிக்கணக்காகப் பேசும் பெரியவர்களை நான் ஓர் ஊரில் கண்டேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்பது ஒரு பல்கலைக் கழகப் பட்டணம். அங்கே என் மகள் வீட்டில் ஓர் ஆகஸ்டு மாதம் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுப் பெரியவர் மாலைதோறும் வாசலில் நாற்காலியை இட்டு அமர்வார். அவருடைய நண்பர்கள் இருவர் வந்து சேர்வர். பின்னர் எழும் கேள்வி ஒன்றே: “இவ்வாண்டு நம் அணியின் பின்வரிசை தாங்குமா, தாங்காதா?”

நான் சரித்திர ஆசிரியனாகத் தொழில் தொடங்கி, தலைமை ஆசிரியனாக ஓய்வு பெற்றவன். எந்தக் கேள்வியைக் கேட்டாலும், அதற்கு விடை என்ன என்பதைக் காட்டிலும், அக்கேள்வி முதன்முதலில் எப்பொழுது பிறந்தது என்று எண்ணுவது என் பழக்கமாகிவிட்டது. அவ்வாறு எண்ணித் தேடியபோது கிடைத்த வரலாற்றையே நேயர்களுக்கு இன்று சொல்ல விழைகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். அமெரிக்கக் காற்பந்து என்பது நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அன்று. நீள்வட்ட வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். ஓர் அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுள் 10 கெஜம் முன்னேறினால் மேலும் நான்கு கிட்டும். இல்லையேல் பந்து கைமாறும். தாக்கும் அணியின் நடுநாயகமாக நின்று பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். தடுக்கும் அணியோ மூன்று அடுக்காக நிற்கும். முன்னடுக்கில் மலைபோன்ற உடலினர்; இடையடுக்கில் விரைவும் வலிவும் கலந்தவர்; பின்னடுக்கில் பெரும்பாலும் நால்வர். இந்நால்வருள் இருவர் கார்னர்பேக் எனப்படும் ஓரக் காவலர். மற்ற இருவர் சேஃப்டி எனப்படும் ஆழக் காவலர். இவர்களுக்குப் பின்னால் வெறும் புல்தரையும் எல்லைக் கோடும்தான் உண்டு. முன்னால் நிற்பவன் தவறினால் பின்னால் இருப்பவன் மறைப்பான். இவர்கள் தவறினால் மறைப்பார் இல்லை.

இத்தகைய காவல் தொடக்கக் காலத்தில் தேவைப்படவில்லை. ஏனெனில் 1906-ஆம் ஆண்டு வரை பந்தை முன்னோக்கி எறிவது சட்ட விரோதம். பக்கவாட்டிலோ பின்புறமோதான் கொடுக்கலாம். ஆகவே ஆட்டம் என்பது பெரும்பாலும் நெருக்கமான உடல் மோதலாக இருந்தது. ஒருவரோடொருவர் கைகோத்துத் திரளாகப் பாய்வர். எதிரணியினரும் திரளாக எதிர்ப்பர். நடுவில் அகப்பட்டவன் நசுங்குவான். 1905-ஆம் ஆண்டில் மட்டும் இந்த ஆட்டத்தில் குறைந்தது 18 பேர் உயிரிழந்தனர் என்று அக்காலப் பத்திரிகைகள் கணக்கிட்டன. அவர்களுள் பெரும்பாலோர் கல்லூரி மாணவர் அல்லர், பள்ளிப் பிள்ளைகள். இவ்வரியைப் படித்தபோது புத்தகத்தைச் சிறிது நேரம் மூடி வைத்தேன். நாற்பது ஆண்டு பள்ளியில் இருந்தவனுக்கு அது வெறும் புள்ளி விவரமாகத் தோன்றாது.

அவ்வாண்டு அக்டோபர் 9-ஆம் நாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வற்புறுத்தினார். கொலம்பியாப் பல்கலைக் கழகம் அந்தப் பருவம் முடிந்ததும் ஆட்டத்தையே கைவிட்டது. ஒழித்துவிடுவதா, திருத்துவதா என்ற வாதத்தில் திருத்தமே வென்றது. 1906-ஆம் ஆண்டின் புதிய விதிகள், நெருங்கி மோதுவதைக் குறைத்து ஆட்டத்தைத் திடல் முழுதும் பரப்ப முயன்றன. அவ்விதிகளுள் ஒன்றுதான் பந்தை முன்னோக்கி எறியலாம் என்பது. உயிரைக் காக்க வந்த விதி அது.

அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் பல்கலைக் கழகத்தின் பிராட்பரி ராபின்ஸன், கேரல் கல்லூரிக்கு எதிராகச் சட்டப்படியான முதல் முன்னெறிதலைச் செய்தார். எறிந்த பந்து எவர் கையும் படாமல் தரையில் விழுந்தது. அன்றைய விதிப்படி பந்து உடனே எதிரணிக்குப் போயிற்று. அதே ஆட்டத்தில் அவர் மீண்டும் எறிந்தார். இம்முறை தோழர் பிடித்து எல்லையைக் கடந்தார். ஆயினும் தண்டனைக்கு அஞ்சிப் பலர் இப்புதுமையைத் தொடவில்லை. 1912-இல் விதிகள் மேலும் தளர்ந்தன. 20 கெஜத்துக்கு மேல் எறியக் கூடாது என்ற வரம்பு நீங்கியது. மூன்றாக இருந்த முயற்சிகள் நான்காயின.

மறு கோடையில், நாட்டர் டேம் பல்கலைக் கழகத்து மாணவர்களான கஸ் டொரே, நூட் ராக்னி என்ற இருவர், ஓஹையோ மாநிலத்தில் ஏரிக்கரை ஊரான சீடார் பாயிண்டில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்ந்த நேரத்தில் மணலில் நின்று ஒருவர் எறிய மற்றவர் ஓடிப் பிடிக்கப் பயின்றனர். 1913 நவம்பர் 1-ஆம் நாள், வலிமைக்குப் பேர்போன ராணுவக் கல்லூரி அணியை அதன் சொந்தத் திடலிலேயே 35-க்கு 13 என்று நாட்டர் டேம் தோற்கடித்தது. டொரே எறிந்த 17 பந்துகளில் 14 பிடிக்கப்பட்டன. மொத்தம் 243 கெஜம். முன்னால் திரண்டு நிற்கப் பழகிய அணிக்குத் தன் முதுகுப்புறம் எவ்வளவு வெறுமையாகக் கிடக்கிறது என்பது அன்று தெரிந்தது. பின்வரிசை தாங்குமா என்ற கேள்விக்கு அன்றுதான் வித்து விழுந்தது என்பேன்.

வித்து முளைக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. காரணம் எளியது. அக்காலத்தில் தாக்குபவரும் தடுப்பவரும் ஒருவரே. பந்து தம் கையில் இருக்கும்போது எறிந்தவரே, அது கைமாறியதும் பின்னால் சென்று காவல் நிற்க வேண்டும். காவலுக்கென்று தனி ஆள் இல்லாதபோது காவலைத் தனியே எடைபோடுவது எங்ஙனம்? 1941-இல் ஆள் மாற்றும் விதி தளர்ந்தது. போர்க்காலத்துக்குப் பின் அனுபவமற்ற இளைஞர்களையே பெற்றிருந்த மிச்சிகன் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், 1945-இல் பலம் மிக்க ராணுவ அணியை எதிர்த்தபோது, தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம் எனத் தம் ஆட்களைப் பிரித்து அனுப்பினார். அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். ஆனால் அவருடைய முறை வென்றது. 1953-இல் விதி மீண்டும் இறுகி அம்முறையைத் தடுத்தது. 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் தடை விலகிய பிறகே, நான்கு ஆண்டுக் கல்லூரி வாழ்வு முழுதும் காவலே தொழிலாக ஓர் இளைஞன் பயிலும் நிலை உறுதிப்பட்டது. அடுத்த வீட்டுப் பெரியவரின் கேள்வி, இன்றைய பொருளில், அதன் பின்னரே கேட்கக் கூடியதாயிற்று.

அவர் அதை எப்படிக் கேட்டார் என்பதையும் சொல்கிறேன். விரல்விட்டு எண்ணுவார். சென்ற ஆண்டு ஆடிய நால்வரில் எத்தனை பேர் மீண்டும் வருகின்றனர்? பட்டம் பெற்றுப் போனவர் யார்? அவர் இடத்துக்கு வருபவன் உயரம் என்ன? 40 கெஜத்தை எத்தனை விநாடியில் ஓடுவான்? ஒருவன் காயப்பட்டால் அடுத்து நிற்க ஆள் உண்டா? முன்னடுக்கினர் எதிரியின் குவார்ட்டர்பேக்கை நெருக்கி, எறிய நேரம் கொடாமல் செய்வார்களா? இக்கடைசிக் கேள்வி மிகக் கூரியது. காவலன் எவ்வளவு திறமை உடையவனாயினும், எறிபவனுக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிட்டால் அவனால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. பின்வரிசையின் புகழில் பாதி முன்வரிசையின் உழைப்பு.

இவ்வாறு எடைபோடுவது வாசலோடு நின்றுவிடவில்லை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936 முதல் அணிகளை வரிசைப்படுத்தி வருகிறது. 1950 முதல் பருவம் தொடங்குமுன்பே ஒரு வரிசையை வெளியிடுகிறது. ஒரு பந்தும் எறியப்படாத நிலையில் வெளியாகும் தீர்ப்பு அது. அத்தீர்ப்பு எவ்வளவு பொய்க்கக் கூடும் என்பதற்கு அவ்வூரிலேயே சான்று உண்டு. 1993 முதல் 1996 வரை ஆண்டுதோறும் மிச்சிகன் அணி நான்கு ஆட்டங்களில் தோற்றிருந்தது. 1997-இல் பருவத்துக்கு முந்தைய வரிசையில் அதற்கு 14-ஆம் இடமே கிடைத்தது. பயிற்சியாளர் லாய்டு கார். பின்வரிசையில் ஓரக் காவலர்களாகச் சார்லஸ் உட்ஸனும் ஆண்டிரே வெதர்ஸும், ஆழக் காவலர்களாக மார்க்கஸ் ரேயும் டாமி ஹெண்ட்ரிக்ஸும் நின்றனர். அவ்வணி ஆடிய 12 ஆட்டங்களிலும் வென்றது. ஓஹையோ மாநில அணியோடு நடந்த இறுதி வாரப் போட்டியில் வெதர்ஸ் எதிரியின் பந்தை இடைமறித்துப் பிடித்து 43 கெஜம் ஓடி எல்லையைக் கடந்தார். 20-க்கு 14 என்று வெற்றி கிட்டியது. 1998 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் போட்டியில் வாஷிங்டன் மாநில அணியை 21-க்கு 16 என்று வென்று, அசோசியேட்டட் பிரஸ் வரிசையில் நாட்டின் முதலிடம் பெற்றது. பயிற்சியாளர்களின் வரிசையில் அவ்விடம் நெப்ராஸ்கா அணிக்குச் சென்றது. மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு 1935 முதல் அளிக்கப்படும் ஹைஸ்மன் பரிசை அவ்வாண்டு உட்ஸன் பெற்றார். அவர் வேண்டும்போது தாக்கும் அணியிலும் ஆடியவர். எனினும் காவலையே முதன்மைப் பணியாகக் கொண்ட ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. அதே 1997 நவம்பரில், பென் மாநில அணியோடு நடந்த ஆட்டத்தில், மிச்சிகன் பின்வரிசையைச் சேர்ந்த டேட்ரியன் டெய்லர் பந்தைப் பிடித்த எதிரணி வீரர் ஒருவரைத் தடுக்கப் பாய்ந்தார். மோதல் மிகக் கடியது. அதன் பிறகு டெய்லர் ஒருபோதும் ஆடவில்லை. 1906-இன் விதி ஆட்டத்தைத் திருத்தியது உண்மை. உடலுக்கு நேரும் அபாயத்தை அது முற்றும் போக்கிவிடவில்லை என்பதும் உண்மை. வாசலில் அமர்ந்து விரல்விட்டு எண்ணப்படும் பெயர்கள் யாவும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளின் பெயர்கள்.

இப்போது கணிப்பு இன்னும் கடினமாகிவிட்டது. ஒரு பல்கலைக் கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர் பெயர் பதியும் முறை 2018-இல் வந்தது. அவ்வாறு ஒரு முறை மாறுவோர் ஓராண்டு காத்திராமல் உடனே ஆடலாம் என்ற சலுகை 2021-இல் எல்லோருக்கும் கிடைத்தது. ஆகவே சென்ற ஆண்டு வேறோர் ஊரில் ஆடியவன் இவ்வாண்டு இங்கே காவல் நிற்கிறான். “ஓட்டத்தை அளக்கலாம், உயரத்தை அளக்கலாம், பக்கத்தில் நிற்பவன் தன் இடத்தை விட்டு நகரமாட்டான் என்று ஒருவன் மற்றவனை நம்புகிறானா என்பதை எதைக் கொண்டு அளப்பது?” என்றார் பெரியவர். அன்று நடந்த பேச்சில் இதைவிட உயர்ந்த வார்த்தை வேறில்லை.

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நானும் ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இவன் தேறுவான், இவன் தேறான் என்று குறியிட்டவன்தானே. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி, அவன் பரீட்சைக்கு முன்பே தீர்மானித்துவிட்டேன். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையுமே என்ற கவலையில், அவனைத் தனித் தேர்வராக எழுதச் செய்யுமாறு தகப்பனாரிடம் சொன்னேன். அவர் கைகூப்பிவிட்டு மகனை அழைத்துச் சென்றார். அப்பையன் எழுதினானா, தேறினானா, இன்று எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவன் திடலில் இறங்கவே நான் இடங்கொடுக்கவில்லை.

அடுத்த வீட்டுப் பெரியவரின் கணிப்பு பிழைபட்டால் எவர்க்கும் கேடில்லை. செப்டம்பர் வரும், நால்வரும் இறங்குவர், கணிப்பு பொய்யானாலும் அவர் மகிழ்ந்து கைதட்டுவார். ஆடுவதற்கு இடங்கொடுத்த பிறகு எடைபோடுவது பொழுதுபோக்கு. இடங்கொடாமலே எடைபோடுவது அநீதி. இவ்வேறுபாட்டை வேலையில் இருந்த நாளிலேயே அறியாமற்போனேன். பட்டியலும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டு இன்று வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர்களுக்கு, ஓய்வு பெற்ற ஒருவன் சொல்லக் கூடியது இவ்வளவே: குறியிடுங்கள், ஆனால் பரீட்சை முடியும் வரை பென்சிலால் இடுங்கள்.