தானுண்டு தன் வேலையுண்டு: அமெரிக்கா ஒதுங்கி நின்ற கதை

தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவரை நல்ல மனிதர் என்கிறோம். ஒரு நாடு அப்படி இருக்க முடியுமா? உலகெங்கும் படை அனுப்பும் நாடு என்று பெயரெடுத்த அமெரிக்கா, ஒரு காலத்தில் அப்படித்தான் இருக்கப் பார்த்தது.

முதல் உலகப் போரில் 1917-ல் இறங்கிய அமெரிக்கா, ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை இழந்தது. ஐரோப்பாவின் சண்டையில் நம் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அதிபர் வில்சன் பாடுபட்டு உருவாக்கிய சர்வதேச சங்கத்தில் சேர்வதற்கு, அவர் நாட்டு செனட் சபையே ஒப்புதல் தரவில்லை. 1934-ல் செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் அமைந்த குழு, ஆயுத வியாபாரிகளும் வங்கிகளும் போரில் சம்பாதித்த லாபத்தை அம்பலமாக்கியது. மக்களின் வெறுப்பு இன்னும் கூடியது. 1935-ல் நடுநிலைமைச் சட்டம் வந்தது. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. துப்பாக்கிக்குத் தடை, எண்ணெய்க்குத் தடையில்லை! அதே ஆண்டு அக்டோபரில் முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. அமெரிக்க எண்ணெய் இத்தாலிக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1937-ல் ஜப்பான் சீனாவுக்குள் புகுந்தது. முறையான போர் அறிவிப்பு இல்லை என்பதால் அதிபர் ரூஸ்வெல்ட் அங்கே சட்டத்தை அமல்படுத்தவில்லை. அமல்படுத்தினால் ஆயுதம் கிடைக்காமல் சீனாதான் அதிகம் பாதிக்கப்படும் என்பது அவர் கணக்கு. ஆனால் ஜப்பானுக்கும் வியாபாரம் தொடர்ந்தது. அந்நாட்டுக்குத் தேவையான எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்தே போனது. பழைய இரும்பும் கப்பல் கப்பலாகப் போனது.

1939-ல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் சட்டம் திருத்தப்பட்டது. ரொக்கம் கொடுத்து, சொந்தக் கப்பலில் ஏற்றிப் போனால் ஆயுதமும் வாங்கலாம். அப்போதும் போரில் இறங்கப் பெரும்பாலான மக்கள் தயாராக இல்லை. 1940-ல் தொடங்கிய ‘அமெரிக்கா முதலில்’ குழுவில் சுமார் எட்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். 1941 ஆகஸ்டில் கட்டாய ராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதா, பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்று ஒரே ஓட்டில் தப்பியது.

இதற்குச் சற்று முன், ஜூலையில், ஜப்பான் தெற்கு இந்தோசீனாவைப் பிடித்தது. அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது, எண்ணெயும் நின்றது. அதுவரை எண்ணெய் விற்றவரே இப்போது எதிரி. டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. 2,400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மறுநாள் போர்த் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 388-க்கு 1 என்று நிறைவேறியது.

ஒதுங்கி நின்றது தவறு, எனவே எங்கும் படையோடு போவதே சரி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. 2003-ல் ஈராக்குக்குள் நுழைந்த அமெரிக்கா, காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்களைக் கண்டுபிடிக்கவே இல்லை. அந்தத் தவறுக்கு ஈராக் மக்கள் கொடுத்த விலை மிகப் பெரிது.

படை அனுப்புவதா வேண்டாமா என்று விவாதிக்கும் முன், ஒரு நாடு தன் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். யாருக்கு எதை விற்கிறோம், அது யார் தலையில் விழுகிறது? கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கடை மூடியிருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?