மணலெழுத்து முதல் கதைப்புத்தகம் வரை: தொடக்கப்பள்ளியில் வாசிப்பு வளர்ந்த வரலாறு

முன்னுரை

வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடி, ஆங்கிலேயர் காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தின் விருத்தாசலம் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபின் கடலூர் மாவட்டத்துக்குள் வந்தது. இவ்வட்டாரக் குழந்தை எழுத்து கற்ற வழி இருநூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. எழுத்தைக் கற்பிப்பதில் எல்லாக் காலத்திலும் அக்கறை இருந்தது. குழந்தை விரும்பிப் படிக்கும் புத்தகத்துக்கோ கல்வித்திட்டத்தில் மிகப் பிந்தியே இடம் கிடைத்தது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணைக் காலம்

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, உயர்கல்விக்கூடங்களையும் சேர்த்து 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தனர். தென்னார்க்காட்டில் மட்டும் 875 பள்ளிகள் இருந்தன. பெண்குழந்தைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிப் பழகினர். பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வந்தனர். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எல்லாம் மனப்பாடம். ஓலையில் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. ஆகவே பாடம் முன்பே நெஞ்சில் இருந்தவருக்கே ஏடு எளிதில் வசப்பட்டது. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். மணலெழுத்தை இங்கே கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் அதைக் கையாண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

பாடநூல் காலம்

அச்சு பெருகியபின் ஓலையின் இடத்தைப் பாடநூல் பிடித்தது. ஆனால் வகுப்பில் நடந்தது பெரும்பாலும் ஒப்புவித்தலே. 1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1956இல் காமராசர் ஆட்சியின் மதிய உணவுத் திட்டம் ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது.

பாடநூலுக்கு வெளியேதான் வாசிப்பின் இன்பம் வளர்ந்தது. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகச் சென்றது. 1947இல் 'அம்புலிமாமா' வந்தது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. 1978இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னா, றா போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கி, கற்கும் சுமையைக் குறைத்தது.

வாசிப்பு வகுப்பறைக்குள் வருதல்

1990களில் வயதுவந்தோருக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம், தனி எழுத்துகளை விட்டு, வாழ்க்கையில் புழங்கும் சொல்லிலிருந்து பாடத்தைத் தொடங்கியது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலமெங்கும் பரவியது. அட்டைகளின் வழியே குழந்தை தன் வேகத்தில் முன்னேறியது. 'புத்தகப் பூங்கொத்து' திட்டம் கதைப்புத்தகங்களை வகுப்பறைக்கே கொண்டுவந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. 2023இல் வந்த 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சிறுநூல்களைத் தந்தது.

இப்படிநிலைகள் ஏன் வேண்டும்? எழுத்துக்கூட்டியே படிக்கும் குழந்தை, வரியின் முடிவுக்கு வருமுன் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. தெரிந்த சொற்களும் மீண்டும் வரும் தொடர்களும் படங்களும் உள்ள நூலில் அதன் கவனம் எழுத்திலிருந்து பொருளுக்கு நகர்கிறது. கதை புரிந்தால்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டும் ஆசை வரும். அந்த ஆசையால் மேலும் படிக்கிறது. படிக்கப் படிக்க வேகமும் கூடுகிறது.

முடிவுரை

திண்ணை நினைவாற்றலை வளர்த்தது; பாடநூல் தேர்வுக்கு ஆயத்தம் செய்தது; இன்றைய திட்டங்கள் விருப்பத்தைத் தொட முயல்கின்றன. ஆனால் பூட்டிய அலமாரியில் இருக்கும் நூலால் பயனில்லை. திட்டக்குடி வட்டாரத் தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றிலும் ஆசிரியர் நாள்தோறும் ஒரு கதையை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். குழந்தை தானே தேர்ந்த நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். அது கிழிந்து திரும்பினாலும் கடிந்துகொள்ளாமல் ஒட்டி, மீண்டும் அதன் கையிலேயே கொடுப்போம்.