பிற சமயப் பண்டிகைகள்: எங்கே சேர்வது, எங்கே விலகுவது?

தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா, புரட்டாசி ஐப்பசியில் ஆயுத பூஜையும் தீபாவளியும் என்று செட்டிநாட்டில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு விழா இருந்துகொண்டே இருக்கும். ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே கடைவீதியில் பிழைக்கும் முஸ்லிம்களுக்கு இதனால் எழும் கேள்விகள் நடைமுறைக் கேள்விகள். எதிர்வீட்டு ஆச்சி கொடுத்தனுப்பும் பலகாரத்தைச் சாப்பிடலாமா? பட்டறையில் ஆயுத பூஜை நடக்கும்போது எங்கே நிற்பது? கல்லூரியில் சமத்துவப் பொங்கலுக்குப் பிள்ளை போகலாமா? தலைக்கட்டு வரி கேட்டு ஊரார் வந்தால் என்ன சொல்வது?

இவற்றுக்கு "எல்லாம் ஹராம்" என்றோ "எல்லாம் ஒன்றுதான்" என்றோ ஒற்றை வரியில் பதில் சொல்வோர் உண்டு. முதல் பதில் அண்டை வீட்டாரின் உரிமையைப் பறிக்கிறது. இரண்டாவது பதில் ஈமானின் எல்லையை அழிக்கிறது. நம் இமாம்கள் இரண்டையும் சொல்லவில்லை. அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

அடிப்படை ஆதாரங்கள்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ள மக்கள் ஆண்டில் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டாடி வந்தனர். அவற்றுக்குப் பதிலாக அவற்றைவிடச் சிறந்த ஈதுல் ஃபித்ரையும் ஈதுல் அள்ஹாவையும் அல்லாஹ் தந்திருப்பதாக நபியவர்கள் அறிவித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதில் உள்ளது. பண்டிகை என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, மார்க்கத்தின் அடையாளமும் ஆகும் என்பதை இதிலிருந்து அறிஞர்கள் விளங்கினார்கள்.

புவானா என்ற இடத்தில் ஒட்டகம் அறுப்பதாக நேர்ந்துகொண்ட ஒருவர் நபியவர்களிடம் வந்தார். அங்கே அறியாமைக் காலச் சிலை ஏதும் வணங்கப்பட்டதா என்றும், அவர்களுடைய பண்டிகை ஏதும் அங்கே நடந்ததா என்றும் நபியவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்று தெரிந்த பிறகே நேர்ச்சையை நிறைவேற்ற அனுமதித்தார்கள். இதுவும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

மறுபுறம், மார்க்க விஷயத்தில் நம்மோடு போரிடாத, நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று அல்குர்ஆன் 60:8 கூறுகிறது. இணைவைப்பில் இருந்த தம் தாயார் தம்மைத் தேடி வந்தபோது அஸ்மா (ரலி) தயங்கினார்கள். அவரோடு உறவைப் பேணும்படி நபியவர்கள் சொன்னார்கள். நபியவர்கள் தமக்குக் கொடுத்த பட்டாடையை உமர் (ரலி) மக்காவில் அப்போது இஸ்லாத்தை ஏற்காதிருந்த தம் சகோதரருக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். இரண்டும் புகாரியில் உள்ளன. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, பக்கத்து யூத வீட்டுக்குக் கொடுத்தீர்களா என்றுதான் அவர்கள் முதலில் கேட்டார்கள் எனத் திர்மிதியில் காண்கிறோம்.

ஆக, வழிபாட்டில் தனித்திருக்க வேண்டும், உறவில் நெருங்கியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே மார்க்கத்தின் கட்டளைகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது.

இமாம்கள் வகுத்த பிரிவுகள்

நம் பகுதியில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபையும் கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபையும் பின்பற்றுகிறார்கள். இரண்டு மத்ஹபுகளிலும் இந்த மஸ்அலா பேசப்பட்டுள்ளது.

ஷாஃபிஈ அறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) இதை மூன்றாகப் பிரிக்கிறார். மாற்று நம்பிக்கையின் அடையாளத்தில் ஒப்பாக வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்தால் அது ஈமானையே பாதிக்கும். நம்பிக்கையை ஏற்காமல் பண்டிகையின் அடையாளத்தில் மட்டும் ஒப்பாக விரும்பினால் அது பாவம், குஃப்ர் அல்ல. ஒப்பாகும் எண்ணமே இல்லாமல் தற்செயலாக ஒரு செயல் ஒத்துப்போனால் அவர் மீது குற்றமில்லை.

ஹனஃபி நூல்களும் ஈரானியர்களின் நவ்ரூஸ் நாளை முன்வைத்து இதையே விவாதிக்கின்றன. அந்த நாளைக் கண்ணியப்படுத்தும் நோக்கில் ஒரு முட்டையை அன்பளித்தாலும் அது ஈமானுக்கு ஆபத்து என்று அபூஹஃப்ஸ் அல்கபீர் (ரஹ்) கடுமையாக எச்சரித்தார். நாளைக் கண்ணியப்படுத்தாமல் மக்களின் வழக்கப்படி கொடுத்தால் அந்தச் சட்டம் பொருந்தாது என்றும் அதே மத்ஹபின் நூல்கள் விளக்கம் தருகின்றன.

ஆகவே நம்மில் ஒருவர் தீபாவளி வீட்டுக்குப் போய் வந்தார் என்பதற்காக அவரைக் காஃபிர் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரக்கூடாது. இமாம்கள் நோக்கத்தை விசாரித்தார்கள். நாம் விசாரிக்காமலே தீர்ப்பு எழுதுகிறோம்.

உணவு

அல்லாஹ் அல்லாதவருக்காக அறுக்கப்பட்டது ஹராம் என்பது 2:173, 5:3 ஆகிய வசனங்களால் உறுதியானது. எனவே கருப்பர் கோயில் கிடா வெட்டுக் கறி நமக்கு ஆகாது. இதில் கருத்து வேறுபாடு இல்லை.

மஜூசிகள் தங்கள் பண்டிகையில் தரும் அன்பளிப்பைப் பற்றி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. அந்த நாளுக்காக அறுக்கப்பட்டதை உண்ணாதீர்கள், அவர்களின் மரங்களில் விளைந்ததை உண்ணுங்கள் என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்ததாக இப்னு அபீஷைபா பதிவு செய்கிறார். நவ்ரூஸ் நாளில் வந்த இனிப்பை அலீ (ரலி) ஏற்றுக்கொண்ட செய்தியும் உண்டு. நம் நாட்டில் மௌலானா ரஷீத் அஹ்மத் கங்கோஹி (ரஹ், மறைவு 1905) அவர்களிடம் ஹோலி, தீபாவளிப் பலகாரம் பற்றிக் கேட்கப்பட்டபோது கூடும் என்றே ஃபத்வா கொடுத்தார்கள்.

எனவே ஆச்சி வீட்டிலிருந்து வரும் சீப்புச்சீடையையும் மனகோலத்தையும் அதிரசத்தையும் வாங்கிச் சாப்பிடலாம். ஆனால் சாமிக்குப் படைத்த பிரசாதத்தை நம் உலமாக்களில் பலர் தடுக்கிறார்கள். அது தெய்வத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்பது காரணம். "அண்ணே, படைச்சது எங்களுக்கு ஆகாது, தப்பா நெனைக்காதீங்க. வீட்டுப் பலகாரம் இருந்தா கொடுங்க" என்று முகமலர்ச்சியோடு சொன்னால் இந்த ஊரில் கோபித்துக்கொள்பவர் அரிது. வாங்கிக் குப்பையில் போடுவதுதான் அவமதிப்பு.

வாழ்த்து

பிற சமயத்தாரின் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வது கூடாது என்பதில் அறிஞர்கள் ஒருமித்திருப்பதாக இப்னுல் கய்யிம் (ரஹ்) எழுதினார். இன்றும் பலர் அந்த நிலைப்பாட்டில் உள்ளனர். மாறாக, 1997இல் உருவான ஐரோப்பிய ஃபத்வா மன்றமும் எகிப்தின் தாருல் இஃப்தாவும் வாழ்த்துவதை நல்லுறவின் பகுதியாகக் கருதி அனுமதிக்கின்றன. அவர்களின் நம்பிக்கையை ஏற்பதாகப் பொருள்படும் சொல் அதில் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை.

பேணுதலை விரும்புவோர் "குடும்பத்தோடு நல்லா இருங்க" என்று துஆவைப் போலச் சொல்லலாம். நலம் விரும்பும் சொல்லுக்குத் தடை இல்லை. அனுமதிக்கும் கருத்தைப் பின்பற்றுவோரை மற்றவர் பழிக்க வேண்டியதும் இல்லை.

கலந்துகொள்ளுதல்

இந்தோனேசியாவில் 1981இல் உலமா மன்றம், முஸ்லிம்கள் கிறிஸ்துமஸ் கூட்டுக் கொண்டாட்டங்களில் கலந்துகொள்வது ஹராம் என ஃபத்வா வெளியிட்டது. அரசு அதைத் திரும்பப் பெற வற்புறுத்தியது. மன்றத் தலைவர் ஹம்கா பதவியையே துறந்தார். நல்லிணக்கத்தின் பெயரால் வழிபாட்டில் பங்கேற்கும்படி யாரையும் நெருக்கக் கூடாது என்பது இதில் நமக்குள்ள பாடம்.

சமத்துவப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். வேட்டி கட்டுவது, கரும்பு உண்பது, கபடி, உறியடி, கோலப்போட்டி ஆகியவை தமிழர் வழக்கங்கள். வேட்டியும் கரும்பும் எந்தச் சமயத்துக்கும் தனி உடைமை அல்ல. அறுவடை மகிழ்ச்சி உழவர் எல்லோருக்கும் உரியது. ஆனால் பொங்கல் பானையைச் சூரியனுக்குப் படைத்து வணங்குவது வழிபாடு. மாணவர் விளையாட்டிலும் விருந்திலும் சேர்ந்து, தீபாராதனை நேரத்தில் ஒதுங்கி நிற்கலாம். பொங்கலே முழுவதும் சமயச் சடங்கு என்று கருதி விலகி நிற்கும் உலமாக்களும் உள்ளனர். அவர்களின் பேணுதலும் மதிக்கத்தக்கது.

மஞ்சுவிரட்டில் பார்க்க வேண்டியது வேறொன்று. பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதையும் வதைப்பதையும் நபியவர்கள் தடுத்தார்கள். மாட்டுக்கும் மனிதனுக்கும் தீங்கு நேருமா என்பதே அங்கே கேள்வி.

பட்டறையிலும் அச்சகத்திலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஆயுத பூஜைக்கு முன்தினம் இடத்தைக் கழுவித் துடைக்கலாம், பொரி கடலை வாங்கி வரலாமா என்றால் படையலுக்கு என்று தெரிந்தால் தவிர்ப்பது நல்லது. சந்தனம், குங்குமம் இட்டுக்கொள்வதும் கும்பிடுவதும் கூடாது. முதலாளியிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிட்டால் சங்கடம் வராது. முஸ்லிம் முதலாளிகள் தங்கள் பணியாளர்களுக்குத் தீபாவளி போனஸையும் விடுமுறையையும் குறையில்லாமல் கொடுக்க வேண்டும். அது உழைத்தவரின் உரிமை.

நன்கொடை

பாவத்துக்கு உதவக் கூடாது என்ற 5:2 வசனத்தின்படி, பூஜைச் செலவுக்கும் சிலை அலங்காரத்துக்கும் பணம் கொடுப்பது கூடாது. ஆனால் ஊரில் குடியிருக்கும் நமக்கு ஊர்ப் பொதுக் காரியத்தில் பங்கு உண்டு. தெருவிளக்கு, துப்புரவு, குடிநீர், முதலுதவி போன்றவற்றுக்குத் தலைக்கட்டு வரியின் அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ கொடுத்துவிட்டு, "இது தண்ணீருக்கு, இது விளக்குக்கு" என்று சொல்லிக் கொடுக்கலாம். கொடுக்காமல் ஒளிவதை ஊர் கஞ்சத்தனம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகும் நகரத்தார் காவடிக்காரர் தாகத்தோடு கேட்டால் தண்ணீர் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். உயிருள்ள எதற்கும் நீர் புகட்டுவதில் கூலி உண்டு என்பது புகாரியில் உள்ள நபிமொழி.

அவர்கள் வருகிறார்களே?

"நோன்புக் கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்கு அவர்கள் வருகிறார்கள். நாகூர் கந்தூரிக்கு வருகிறார்கள். நாகூரின் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்ததே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங்தான். நாம் மட்டும் ஒதுங்கினால் நன்றி கெட்டதனம் இல்லையா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது.

நம் சிவகங்கை மாவட்டத்திலேயே திருப்புவனம் அருகே முதுவன்திடலில் இந்துக்கள் ஃபாத்திமா நாச்சியாரின் பெயரால் முஹர்ரத்தில் பூக்குழி இறங்குகிறார்கள். தீமிதிப்பது இஸ்லாம் கற்றுத் தந்ததல்ல. நாம் அதைச் செய்வதும் இல்லை. ஆனால் நபியவர்களின் அருமை மகளார் மீது அவர்கள் வைத்திருக்கும் அன்பைக் கேலி செய்யும் உரிமை நமக்கில்லை. பிறர் வணங்குபவற்றை ஏசக்கூடாது என்று 6:108 தடுத்திருக்கும்போது, நம்மவரை நேசிப்பவர்களை எப்படி ஏசுவது?

கைம்மாறு எதில் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கஞ்சி வாங்க வருபவரை நாம் ஸஃப்பில் நிற்கச் சொல்வதில்லை. பெருநாள் பிரியாணிக்கு வரும் நண்பரிடம் தக்பீர் சொல்லக் கேட்பதில்லை. விருந்தைத்தான் கொடுக்கிறோம், வழிபாட்டைச் சுமத்துவதில்லை. அவர்களிடமிருந்தும் விருந்தை ஏற்கிறோம், வழிபாட்டில் நிற்பதில்லை. இரு பக்கமும் ஒரே அளவுகோல்தான். இதில் நன்றிகெட்டதனம் எங்கே வந்தது?

வீட்டில் சொல்ல வேண்டியது

பிள்ளைகளுக்கு "அங்கே போகாதே" என்று மட்டும் சொன்னால் வெறுப்புதான் வளரும். எது வழிபாடு, எது வழக்கம், எது அண்டை வீட்டார் உரிமை என்று அத்தாவும் அம்மாவும் பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு பெருநாட்களையும் பிள்ளைகள் ஏங்காத அளவுக்கு வீட்டில் சிறப்பாக்குங்கள். ஆண்டு முழுவதும் எட்டிப் பார்க்காமல் பண்டிகையன்று மட்டும் "எங்களுக்குக் கூடாது" என்று சொல்பவரை யாரும் நம்பமாட்டார்கள். நோயிலும் மௌத்திலும் முதல் ஆளாய் நிற்பவர் சொல்லும் "கூடாது" என்ற சொல்லை ஊர் மதிக்கும்.

ஐயமான விஷயங்களில் அந்தந்த ஊர் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுங்கள். கொள்கையில் உறுதியையும் உறவில் கனிவையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.